நீங்கள் தேடும் 'செல் தற்கொலை', நீங்கள் நிறுத்திய ஊசியிலேயே இருந்தது

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 67. பன்னிரண்டு மா நிலம் வைத்திருக்கும் விவசாயி. இன்றும் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது அவர்தான். சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்று பொங்கல் கழிந்து மருத்துவரிடம் போனார். புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. புற்றின் வீரியத்தைக் காட்டும் க்ளீசன் எண் 4+4. எலும்பு ஸ்கேனில் இடுப்பிலும் முதுகெலும்பிலுமாக ஏழு இடங்கள். நோயின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 186. புராஸ்டேட் புற்றுக்கு ஊட்டமாகும் ஆண் ஹார்மோனை அடக்க, மாசியில் மூன்று மாதத்துக்கான ஹார்மோன் ஊசி ஒன்று போட்டார்கள். வைகாசியில் பி.எஸ்.ஏ. 12-க்கு இறங்கியது. அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கியபோது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார்: உடலின் 'உள்ளார்ந்த நோயெதிர்ப்பு ஏற்பிகளை'த் தட்டி எழுப்பினால் புராஸ்டேட் புற்றுச் செல்கள் தாமாகவே தற்கொலை செய்துகொள்ளும். அதே பேச்சைச் சொல்லும் தனியார் மையம் ஒன்று எட்டு ஊசிக்கு நான்கரை லட்சம் கேட்டிருக்கிறது. 'ஹார்மோன் ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அதை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்றும் சொல்லியிருக்கிறது. நிறுத்திவிட்டார்கள். மேட்டூர் திறந்து, நாற்றங்கால் வேலை வந்து, பணம் புரளாமல் ஆவணி வந்துவிட்டது. இப்போது பி.எஸ்.ஏ. 64.

'நான் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் தேடிப் படித்தேன் டாக்டர், அது பொய்யில்லை. இரண்டு மா நிலத்தை விற்று அந்த ஊசியைப் போடலாமா?' என்பது அவருடைய முதல் கேள்வி. 'பழைய மருத்துவர் விரைகளை நீக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். மகள் நான், அப்பாவிடம் அதை எப்படிப் பேசுவேன்?' என்பது இரண்டாவது. கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: 'கொஞ்ச நாளாக முதுகு வலி என்கிறார். போன வாரம் வரப்பில் நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது, அவருக்குத் தெரியவேயில்லை. வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தார்.'

முதலில் அந்தச் செருப்பு

அம்மா, உங்கள் எட்டுப் பக்கத்தில் என்னை நாற்காலியிலிருந்து எழ வைத்தது அந்த ஒற்றை வரி. முதுகெலும்புக்குப் புற்றுநோய் பரவிய ஒருவருக்குப் புதிதாக முதுகு வலி. காலிலிருந்து செருப்பு போனதே தெரியவில்லை. இதைத் தண்டுவடம் நசுங்குவதன் தொடக்கம் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அதனால்தான் இந்தப் பக்கம் அச்சாகும் வரை காத்திராமல் அன்று மாலையே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே எம்.ஆர்.ஐ. எடுத்து, ஸ்டீராய்டு தொடங்கி, கதிர்வீச்சுக்கும் நாள் குறித்துவிட்டார்கள் என்று நீங்கள் எழுதிய பதிலைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இதில் மணிக்கணக்கு முக்கியம். நடந்து வருகிற நிலையில் சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுக்கச் செயலிழந்த பிறகு வந்தால் அந்த நடை திரும்புவது அரிது.

இதே நோயோடு வீட்டில் ஒருவரை வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். புதிய முதுகு வலி, படுத்தால் கூடும் வலி, கால் தடுமாற்றம், மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு, மலம் கழிவது தெரியாமை: இவற்றில் ஒன்று வந்தாலும் தைலம் தேய்த்துப் பார்ப்பது, வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று தள்ளிப்போடுவது எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் படித்தது பொய்யில்லை

இனி உங்கள் கேள்வி. நீங்கள் உயிரியல் ஆசிரியை என்பதால் கொஞ்சம் உள்ளே போயே பேசலாம்.

கிருமி எது என்று கற்றுக்கொள்ளாமலே, பிறக்கும்போதே தெரிந்துவைத்திருக்கும் காவல் ஒன்று நம் செல்களுக்கு உண்டு. அந்தக் காவலின் கண்கள்தான் இந்த ஏற்பிகள். 1996-இல் பழ ஈயில் 'டோல்' என்ற புரதம் பூஞ்சையை எதிர்த்துக் காப்பதை ஜூல் ஹாஃப்மன் குழு கண்டது. பாக்டீரியாவின் மேலுறை நஞ்சை உணரும் டோல் போன்ற ஏற்பி பாலூட்டிகளிடம் இருப்பதை 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு காட்டியது. 2011-இல் இருவருக்கும் நோபல் பரிசு. மனிதரிடம் இவ்வகை ஏற்பிகள் பத்து இருக்கின்றன. உங்கள் செய்தியில் வந்தது மூன்றாம் எண், டி.எல்.ஆர்.3. வைரஸ் நுழைந்தால் மட்டுமே பெருமளவில் தென்படும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை அது உணர்கிறது. உணர்ந்ததும் 'வைரஸ் வந்துவிட்டது' என்று இன்டர்ஃபெரானைச் சுரக்கச் செய்து அக்கம்பக்கத்தை எச்சரிக்கும். தேவைப்பட்டால், வைரஸ் பெருகுவதற்கு இடம் தராமல் அந்தச் செல்லையே சாகச் சொல்லும். காஸ்பேஸ்-8 என்ற நொதி அந்த வேலையைத் தொடங்கிவைக்கும்.

இப்போது தந்திரம் புரிந்திருக்கும். வைரஸே இல்லாமல், பாலி ஐ-சி என்ற செயற்கை இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் புற்றுச் செல்லுக்குக் கொடுத்தால், அது வைரஸ் வந்துவிட்டது என்று ஏமாந்து தன்னையே மாய்த்துக்கொள்ளுமா? ஆய்வகத் தட்டில், எல்.என்.கேப் என்ற புராஸ்டேட் புற்றுச் செல் வகையில், அது நடக்கத்தான் செய்தது. செல்லுக்குள் வைரஸ் ஆர்.என்.ஏ.வை உணரும் இன்னொரு ஏற்பியான ரிக்-ஐ வழியாகவும் முயன்றிருக்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள், செயலிழக்கச் செய்த செண்டாய் வைரஸ் துகளைக் கொண்டு, ஹார்மோன் சிகிச்சைக்கு மசியாத புராஸ்டேட் புற்றுச் செல்களைக் கொன்று காட்டினார்கள். பிறகு சிறு எண்ணிக்கையில் நோயாளிகளிடமும் பரிசோதித்தார்கள். ஆக, அண்ணன் அனுப்பிய செய்தியின் முதல் பாதி சரி. அதைச் சொல்லாமல் 'எல்லாம் புரளி' என்று கைகழுவினால் நீங்கள் என்னை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் தண்ணீர் எந்த ஆற்றில் போகிறது?

கல்லணைக்கு மாணவர்களைக் கூட்டிப்போயிருப்பீர்கள். வருகிற தண்ணீர் ஒன்றுதான். காவிரியில் போகுமா, வெண்ணாற்றில் போகுமா, கல்லணைக் கால்வாயில் போகுமா, கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடுமா என்பது எந்த மதகு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. டி.எல்.ஆர்.3-இன் சமிக்ஞையும் அப்படித்தான். ஒரு கிளை செல்லைச் சாகச் சொல்கிறது. இன்னொரு கிளை என்.எஃப்-கப்பா-பி என்ற புரதம் வழியாக அழற்சியைத் தூண்டுகிறது, செல்லைப் பிழைத்திருக்கவும் சொல்கிறது. எந்த மதகு திறந்திருக்கும் என்பதை முடிவுசெய்வது அந்தப் புற்றுச் செல்லின் குணம்.

எல்.என்.கேப், நிணநீர் முடிச்சுக்குப் பரவிய புற்றிலிருந்து எடுத்த செல். ஆண் ஹார்மோனை நம்பி வாழ்வது. அது எளிதில் செத்தது. பி.சி.3, எலும்புக்குப் பரவிய புற்றிலிருந்து எடுத்த செல். ஆண் ஹார்மோன் இல்லாமலே பிழைத்துக்கொள்வது. அதில் இதே டி.எல்.ஆர்.3-ஐத் தூண்டியபோது செல் அவ்வளவு எளிதில் சாகவில்லை. போதாக்குறைக்கு, புதிய ரத்தக்குழாய்களை வளர்க்க உதவும் புரதங்கள் கூடின. பாய்ச்சிய தண்ணீர் களைக்குப் பாய்ந்த கதை. உங்கள் அப்பாவின் எலும்பில் இருக்கும் ஏழு இடங்களும் இந்த இரண்டில் எந்த ரகம்? அந்த மையம் அதைச் சோதித்ததா? நீங்கள் அனுப்பிய தாள்களில் அப்படி ஒரு சோதனை முடிவும் இல்லை.

தட்டில் நடப்பது ஆளிடம் நடக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. பாலி ஐ-சி இன்டர்ஃபெரானைத் தூண்டும் என்பது 1967-லேயே தெரியும். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அது புராஸ்டேட் புற்றுக்கு மருந்தாகக் கடைக்கு வராததற்குச் சதி ஏதும் காரணம் இல்லை. மனித ரத்தத்தில் உள்ள நொதிகள் அதை விரைவாக வெட்டிப்போட்டுவிடும். வெட்டுப்படாதபடி மாற்றினால் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது போன்ற தொல்லைகள். இந்த ஏற்பிகளை உடல் முழுக்க ஒரே நேரத்தில் எழுப்பினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரம்தோறும் பார்க்கிறோம். கிருமித் தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றும் செப்சிஸ் என்பது பெரும்பாலும் அதுதான்.

பக்கத்து உறுப்பு ஒன்றில் இந்த எண்ணம் வென்றிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பையின் மேலோட்டமான புற்றுக்கு, அந்தப் பைக்குள் பி.சி.ஜி. கிருமியை ஊற்றும் சிகிச்சை 1976 முதல் இருக்கிறது. குழந்தைகளுக்குப் போடும் அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமிதான். உள்ளார்ந்த நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்பியே அது வேலையைத் தொடங்குகிறது. அங்கே வசதி என்னவென்றால், சிறுநீர்ப்பை ஒரு பை. உள்ளே ஊற்றி, இரண்டு மணி நேரம் வைத்திருந்து, வெளியேற்றிவிடலாம். எலும்பில் ஏழு இடங்களில் சிதறிக்கிடக்கும் நோயை எந்தப் பைக்குள் அடைப்பது?

'எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லதுதானே?'

இந்த ஒரு சொற்றொடர் நம் ஊரில் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எதிர்ப்புச் சக்தியைத் தொட்டித் தண்ணீர்போல, கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று நினைக்கிறோம். நீடித்த அழற்சி புற்றுநோய்க்கே எருவாக முடியும். நிலவேம்புக் குடிநீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடித்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; கல்லீரலைக் கவனிக்க வேண்டிய மாத்திரைகள் அப்பாவுக்கு வரவிருக்கின்றன.

ஹார்மோன் ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. ஆண் ஹார்மோனை நிறுத்திய பிறகு புராஸ்டேட்டுக்குள் நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் அதிகமாக நுழைவதை 2001-லேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த மையம் சொன்னதற்கு நேர் எதிர்.

இனி, இந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து உங்களிடம் சொல்ல நினைத்தது. செல் தற்கொலைக்கு அப்பாப்டோசிஸ் என்று பெயர் வைத்தவர்கள் ஜான் கெர், வில்லி, கரி மூவரும், ஆண்டு 1972. மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. மறு ஆண்டே கெர் இன்னொரு கட்டுரை எழுதினார். ஆண் எலியின் விரைகளை நீக்கிய பிறகு அதன் புராஸ்டேட் சுருங்குகிறதே, அந்தச் செல்கள் எப்படிச் சாகின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தார். அப்பாப்டோசிஸ்தான். பெயர் வைத்த சூட்டோடு அது அடையாளம் காணப்பட்ட உறுப்புகளில் ஒன்று புராஸ்டேட். அதைத் தூண்டியது ஆண் ஹார்மோன் இல்லாமல் போனது.

மாசி ஊசிக்குப் பின் 186 எப்படி 12 ஆனது என்று நினைக்கிறீர்கள்? ஊட்டம் அறுந்து, புற்றுச் செல்களில் ஒரு பகுதி உங்கள் அண்ணன் சொன்ன அதே தற்கொலையைச் செய்துகொண்டிருந்தது. நான்கரை லட்சத்துக்கு விற்கப்படும் வாக்குறுதி, நீங்கள் நிறுத்திய ஊசியில் நடந்துகொண்டிருந்தது. வைகாசியில் ஊசியின் காலம் தீர்ந்தது, ஹார்மோன் திரும்பியது, 12 மறுபடி 64 ஆனது. உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது: அப்பாவின் நோய் ஹார்மோனுக்குக் கட்டுப்படும் ரகம் என்பதற்கு உங்கள் கையிலேயே சான்று இருக்கிறது.

என்னென்ன வழிகள்

ஊசியை மறுபடி தொடங்கலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அப்பாவுக்குப் போட்ட ரகம் முதல் சில நாள்களில் ஹார்மோனைக் கூட்டிவிட்டுப் பிறகுதான் குறைக்கும். தண்டுவடம் நசுங்கும் நிலையில் அந்தச் சில நாள்கள் ஆபத்தானவை. முன்கூட்டியே தடுப்பு மாத்திரை கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். அல்லது இந்த ஏற்றமே இல்லாத டெகரெலிக்ஸ் போன்ற ஊசியைப் போட வேண்டும்.

இன்னொரு வழி, நீங்கள் பேசத் தயங்கும் விரை நீக்க அறுவை. ஒரு நாளுக்குள் ஹார்மோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். வாழ்நாளில் ஒரே முறை; தவறவிடுவதற்கு அடுத்த ஊசி என்று ஒன்று இருக்காது. நடவும் அறுவடையும் தேதி குறிக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அப்பாவின் இப்போதைய நிலையில் நான் அவருடைய மருத்துவராக இருந்தால் இதைத்தான் முதலில் சொல்வேன். திரும்பப் பெற முடியாதது என்பதையும், மனத்தளவில் சிலருக்குத் தாங்க முடியாதது என்பதையும் மறைக்காமல் சொல்வேன். ஊசியானாலும் அறுவையானாலும் பின்விளைவுகள் ஏறத்தாழ ஒன்றே: திடீர் உடல் சூடு, வியர்வை, சோர்வு, தாம்பத்திய ஆசை குறைவு, எலும்பு தேய்வு, சர்க்கரை கூடும் வாய்ப்பு.

எதைத் தேர்ந்தாலும், உடலில் ஆண் ஹார்மோன் உற்பத்தியை மேலும் அடைக்கும் அபிராடெரோன் மாத்திரை சேர்ப்பதைப் பற்றிக் கேளுங்கள். அப்பாவைப் போல அதிக ஆபத்துள்ள பரவல் நோயுடைய 1,199 பேரிடம் நடந்த லாட்டிட்யூட் ஆய்வின் இறுதிக் கணக்கில், ஹார்மோன் தடுப்பை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 36.5 மாதம் கடந்தும் உயிரோடு இருந்தார்கள். அபிராடெரோனும் சேர்த்தவர்களுக்கு அது 53.3 மாதம். இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் இருப்பதால் விலை முன்னைப்போல மலைக்கவைப்பதில்லை. சிறு அளவு பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டோடு, வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டிய மாத்திரை: முன்னால் இரண்டு மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் சாப்பாடு கூடாது. இட்லியோடு சேர்த்து விழுங்கினால் ரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு ஏறிவிடும். ரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் ஆகியவற்றை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலமும் அந்த மையமும்

நிலத்தை விற்காதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அட்டை எடுத்திருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். சிகிச்சையைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடரலாம். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது.

அந்த மையத்தை நேரில் போய்த் திட்ட வேண்டாம். மூன்று கேள்வி போதும். ஊசியில் இருக்கும் மருந்தின் பெயர் என்ன, புராஸ்டேட் புற்றுக்கு அதற்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி உண்டா? 'இது ஆராய்ச்சி' என்றால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண்ணும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதமும் எங்கே? ஆராய்ச்சி என்றால் பணம் ஏன்? புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019-இன்படி, பரிசோதனையால் உடலுக்குத் தீங்கு வந்தால் இலவச சிகிச்சையும், உரிய இழப்பீடும் தர வேண்டிய பொறுப்பு அதை நடத்துபவருடையது. எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை நோயாளிக்கு உண்டு. முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதை வைத்திருங்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் ஆணையத்தின் வரம்புக்குள் வரும்.

இந்த ஏற்பிகளைப் பற்றிய முறையான பரிசோதனை ஒன்று நாளை நம் பக்கத்தில் தொடங்கினால், அப்பா அதற்குத் தகுதியானவர் என்றால், நானே போகச் சொல்வேன். ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்ந்தபடி போகட்டும்.

அப்பாவிடம் யார் சொல்வது?

நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அறுவையைப் பற்றி எடுத்துச் சொல்வது மருத்துவரின் வேலை. அதை உங்கள் தோளில் ஏற்றியது தவறு. அடுத்த முறை போகும்போது சித்தப்பாவையோ உங்கள் கணவரையோ துணைக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். முடிவு அப்பாவுடையது, கையெழுத்தும் அவருடையது. நோயின் பெயரையே இன்னும் அவரிடம் சொல்லவில்லை, 'நீர்க்கட்டு' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அறுபது வருடம் ஆற்றையும் வானத்தையும் பார்த்து விதைத்தவருக்கு உண்மையைத் தாங்கத் தெரியும். அவருக்குத் தெரிந்திருந்தால், வைகாசியில் ஊசி எங்கே என்று அவரே கேட்டிருப்பார்.

அண்ணனிடம் சண்டை போடாதீர்கள். தூரத்தில் இருப்பவர்கள் எதையாவது செய்துவிட வேண்டும் என்று தவிப்பார்கள். 186, 12, 64 என்ற மூன்று எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, ஊசி போட்ட நாளையும் நின்ற நாளையும் குறித்து, படமெடுத்து அனுப்புங்கள். சேர்த்து வைத்த பணம் இருந்தால் அபிராடெரோனுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சம்பா நடவுக்கு அப்பா வயலில் இறங்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கதிர்வீச்சு முடிந்து, முதுகெலும்பு எவ்வளவு தாங்கும் என்று எலும்பு மருத்துவர் சொல்லும் வரை சேற்றில் இறங்குவதும் உர மூட்டை தூக்குவதும் கூடாது. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நடவாட்களை அதட்டலாம். அதுவரை வாரோடு கூடிய செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். தினமும் இரவில் உள்ளங்கால் இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். முள் குத்தியிருந்தாலும் இப்போது அவருக்குத் தெரியாது.